ஏழாம் எண் ஓவியம் யாருக்கு?

வழக்கு என்னிடம் இருக்கிறது, தீர்ப்பை நீங்கள்தான் சொல்ல வேண்டும். காதை இந்தப் பக்கம் கொடுங்கள். நடுவில் எழுந்து போய்விட்டு வந்து "என்ன ஆச்சு?" என்று கேட்டால் நான் பொறுப்பல்ல.

பாளையங்கோட்டையில் கோமதிநாயகி என்று ஓர் ஓவிய ஆசிரியை. பள்ளிக்கூடத்தில் மாம்பழமும் மயிலும் வரையச் சொல்லிக்கொடுப்பார், வீட்டில் நவீன ஓவியம் போடுவார். அவற்றை இணையத்தில் ஏற்றினால் மூன்றே மூன்று பேர் விரும்புவார்கள். அதில் ஒருவர் அவருடைய தம்பி. கேன்வாஸ் விலை கொஞ்சநஞ்சமா? அதனால் வருடா வருடம் பழைய படங்களின் மேல் வெள்ளைப் பூச்சு அடித்துவிட்டு, அதன் மேலேயே புதிதாக வரைவார். இருபது வருடம் வரைந்தும் கையில் இருந்தவை அந்த வருடத்துப் படங்கள் பன்னிரண்டு மட்டுமே.

அந்தப் பன்னிரண்டையும் ஒரு மண்டபத்தில் மூன்று நாள் கண்காட்சியாக வைத்தார். யாரும் வராவிட்டால் ஞாயிறு சாயங்காலம் எல்லாவற்றுக்கும் வெள்ளையடித்து மூட்டை கட்டிவிடுவது, பிறகு தூரிகையைத் தொடுவதே இல்லை. அப்படி மனதுக்குள் முடிவு செய்திருந்தார்.

அதில் ஏழாம் எண் படத்தை நன்றாகக் கவனியுங்கள். முழுக்கச் சிவப்புத் திட்டுகள். எல்லாம் ஒரு மூலையைப் பார்த்துச் சாய்ந்திருக்கும். அந்த மூலையில் சின்னதாய் ஒரு மஞ்சள் தீற்றல். மாற்றலாகிப் புதுப் பள்ளிக்குப் போன முதல் நாள், கோமதிநாயகி ஆசிரியர் அறைக்குள் நுழைந்ததும் அத்தனை பேரும் பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். உடம்பெல்லாம் கூசிப்போய் வீட்டுக்கு வந்து போட்ட படம் அது. இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. படத்துக்குப் பெயரும் வைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை மழை. ஒதுங்க இடம் தேடி மண்டபத்துக்குள் வந்தாள் ஜெயசீலி என்ற நர்ஸ். மழை விடும்வரை பன்னிரண்டு படங்களையும் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். "எனக்கு ஒண்ணும் புரியலக்கா. ஆனா கலர் நல்லாருக்கு" என்று உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டுப் போனாள். அன்றைக்கு வந்த ஒரே ஆள் அவள்தான்.

சனிக்கிழமை காலை, 'வெட்டிக் கச்சேரி' என்ற மீம் பக்கத்தை நடத்தும் பேச்சிராஜாவுக்கு, கோமதிநாயகி இணையத்தில் ஏற்றியிருந்த ஏழாம் எண் படத்தின் போட்டோ ஏதோ வாட்ஸ்அப் குழு வழியாக வந்து சேர்ந்தது. பத்து நிமிடம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மஞ்சளுக்கு ஓர் அம்புக்குறி போட்டு, "கல்யாணப் பந்தியில் மூன்றாவது தடவை பாயசம் கேட்ட நான்" என்று எழுதி ஏற்றிவிட்டான். மீம் போடுகிறவர்களுக்கு ஒரு கைப்பழக்கம் உண்டு. மூலையில் ஏதாவது எழுத்து இருந்தால் போட்டிப் பக்கத்தின் முத்திரை என்று நினைத்து வெட்டிவிடுவார்கள். கோமதிநாயகியின் கையெழுத்தும் அப்படித்தான் போயிற்று. சாயங்காலத்துக்குள் நாற்பதாயிரம் பேர் சிரித்துவிட்டார்கள். தன் படம் ஊர் சிரிப்பாய்ச் சிரிப்பதைப் பார்த்த கோமதிநாயகிக்கு முகமே செத்துப்போயிற்று.

ஜெயசீலியும் அதைப் பார்த்தாள். விட்டாளா? "இது கோமதிநாயகி டீச்சர் போட்ட படம். நாளைக்கு வரைக்கும் பாளையங்கோட்டை மண்டபத்துல இருக்கு, போய்ப் பாருங்க" என்று மீமுக்குக் கீழேயும், பகிர்ந்தவர்கள் பக்கங்களிலும் கை வலிக்க வலிக்க எழுதித் தள்ளினாள்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் நிற்க இடமில்லை. தூத்துக்குடியிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தார் மாசானமுத்து, உப்பு லாரி ஓட்டுகிறவர். ஏழாம் எண் முன்னால் அரைமணி நேரம் நின்றார்.

"சிரிச்சு முடிச்ச பொறவுதான் டீச்சர், பொண்ணு பாக்கப் போன வீட்டுல நான் ஒக்காந்திருந்த நெலம ஞாபகம் வந்துச்சு. நேர்ல பாக்கணும்னு தோணிச்சு, வந்துட்டேன்."

கோமதிநாயகிக்குக் கண் நிறைந்துவிட்டது. இதற்கா வெள்ளையடிக்கப் பார்த்தோம் என்று நெஞ்சு பதறியது. ஜெயசீலியும் வந்திருந்தாள். பெயரைச் சேர்த்து மீமைத் திருத்திவிட்டு, மன்னிப்புக் கேட்கப் பேச்சிராஜாவும் வந்திருந்தான். மூவரையும் கையெடுத்துக் கும்பிட வேண்டும்போல் இருந்தது அவருக்கு.

"இந்தப் படத்தை மொதல்ல பார்த்தவங்க யாரோ, அவங்களே எடுத்துட்டுப் போங்க" என்றார்.

"நான் வெள்ளிக்கிழமையே பாத்துட்டேன்லாக்கா" என்றாள் ஜெயசீலி.

"ஒதுங்க வந்த எடத்துல கண்ணுல பட்டதெல்லாம் பாத்ததாயிருமா? இதுக்குன்னே வந்து பாத்தது நாந்தான்" என்றார் மாசானமுத்து.

பேச்சிராஜா தலையைக் குனிந்துகொண்டான். "நான் போன்லதான் பார்த்தேன் டீச்சர். பேரையும் வெட்டிட்டேன்."

இப்போது சொல்லுங்கள். அந்தப் படத்தை முதலில் பார்த்தவர் யார்?

விடை: பேச்சிராஜா. ஜெயசீலி வெள்ளிக்கிழமை பார்த்தது நிறத்தை. மாசானமுத்து படத்தையே பார்த்தார், சந்தேகமில்லை. ஆனால் அவருக்கு வழி காட்டியது பாயசம். எல்லார் கண்ணும் தன்மேல் விழ, கூசிப்போய் நிற்கும் ஓர் ஆள் அந்த மஞ்சளுக்குள் இருப்பதை, யாரும் சொல்லித்தராமல் கண்டுபிடித்தவன் அவன் ஒருவன்தான். பெயரை வெட்டியது தப்பு. ஆனால் யார் நல்லவர் என்றா கேட்டேன்? கோமதிநாயகியும் படத்தை அவன் கையில்தான் கொடுத்தார். "அப்ப எங்களுக்கு?" என்று மற்ற இருவரும் மல்லுக்கு நின்றார்கள். கோமதிநாயகி சிரித்துக்கொண்டே, "உங்க ரெண்டு பேருக்கும் இனிமேதான் வரையணும்" என்றார்.