வர்க்கி வண்டி

"என் மகன் ஏன் பிரேக் பிடிக்கல?" என்று கேட்டார் காளிங்கன்.

எஸ்தர் வண்டிச் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

ஊட்டியில் மோட்டார் சைக்கிள் ஓட்டச் சொல்லிக்கொடுப்பவள் அவள். காளிங்கனுக்கு மகள் வயதுதான் இருக்கும். கேள்வி கேட்டால் வாயால் பதில் சொல்ல மாட்டாள், எதையாவது செய்யச் சொல்வாள் என்று பெயர். பாதிப் பேர் முதல் நாளே கோபித்துக்கொண்டு போய்விடுவார்கள். மீதிப் பேர் நன்றாக ஓட்டுவார்கள்.

காளிங்கன் பேக்கரிக்காரர். விறகு அடுப்பில் வர்க்கி சுடுகிறவர். அடுக்கடுக்காக, மொறுமொறுவென்று இருக்கும் அந்த வர்க்கியை டீயில் முக்கித் தின்றால்தான் ஊட்டிக்காரனுக்குப் பொழுது விடிந்த மாதிரி. அப்பா சுட்டதை மகன் கிரிதரன் இருட்டோடு வண்டியில் கட்டிக்கொண்டு போய் டீக்கடைகளில் போடுவான்.

போன தை மாதம், புல்லெல்லாம் உறைபனியில் வெளுத்துக் கிடந்த ஒரு காலையில், ஏரிக்கு அப்பாலுள்ள இறக்கத்து வளைவில் அவன் திரும்பாமல் நேரே போய்ச் சுவரில் மோதினான்.

"எதிர்ல வண்டி இல்ல. ரோட்டுல எண்ணெய் இல்ல, பனிகூட இல்ல. காஞ்சு கெடந்துச்சு. மெக்கானிக் பாத்துட்டு பிரேக் நல்லா இருக்குன்னுட்டான். தினமும் அதே ரோட்டுல ஓட்டுனவன் டீச்சர். ஏன் பிடிக்கல?"

"உங்களுக்கு வண்டி ஓட்டத் தெரியுங்களா ஐயா?"

"சைக்கிள் தெரியும்."

"நாளைக்குக் காலையில வாங்க."

அவ்வளவுதான் பதில்.

காளிங்கனுக்கு இன்னொரு துயரமும் இருந்தது. அவர் அழவில்லை. மகனை வீட்டுக்குக் கொண்டுவந்தபோதும் அழவில்லை, குழியில் மண் போட்டபோதும் அழவில்லை. மறுவாரமே அடுப்பைப் பற்றவைத்துவிட்டார். கல் என்றது ஊர். ஊர் வாயை மூட உலைமூடி ஏது, அதை விடுங்கள். மனைவி வேலம்மாவும் அப்படித்தான் நினைத்தாள். அன்றிலிருந்து அவள் இவரோடு பேசுவதில்லை. சோறு போட்டு வைப்பாள், முகத்தைப் பார்க்க மாட்டாள்.

மகன் ஏன் விழுந்தான் என்று தெரிந்தால், அவளிடம் போய்ச் சொல்ல ஒரு வார்த்தையாவது கிடைக்கும். அதற்காகத்தான் இந்த வயதில் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வந்து நின்றார்.

மார்கழி முழுக்க வந்தார்.

எஞ்சின் சூடேறும்வரை பொறுத்திருக்கக் கற்றுக்கொண்டார். மர நிழலில் பனி உருகியிருக்காது, அங்கே மெதுவாகப் போக வேண்டும் என்று கற்றுக்கொண்டார். வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைக்கக் கற்றுக்கொண்டார்.

ஒவ்வொரு நாளும் கிளம்பும்போது அதே கேள்வியைக் கேட்பார். எஸ்தர் அவருக்குக் கொடுத்திருந்த கிளவுஸைத் திரும்ப வாங்கி வைத்துக்கொண்டு, "நாளைக்கு வாங்க" என்பாள்.

தை பிறந்தது. ஒருநாள் காலையில் குழாய்த் தண்ணீரே உறைந்துபோனது.

"கிரி கிளவுஸ் போடுவாருங்களா?" என்று எஸ்தர் கேட்டாள்.

"எங்க போட்டான். கடைக்குக் கடை எறங்கி வர்க்கி எடுத்துக் குடுக்கணுமே."

"அப்ப இன்னிக்கு நீங்களும் போட வேண்டாம்."

ஆளில்லாத மைதானம். எஸ்தர் தன் சிவப்பு மப்ளரைக் கழற்றி அந்தக் கோடியில் தரையில் விரித்தாள்.

"மெதுவா வந்து அதுகிட்ட நிறுத்துங்க. பிரேக்கக் காலாலயும் பிடிக்கணும், கையாலயும் பிடிக்கணும்."

நிறுத்தினார். சுற்றி வந்து மறுபடி நிறுத்தினார். அச்சுப் பிசகாமல் நின்றது வண்டி. தம்மை மறந்து கொஞ்சம் பெருமைகூடப் பட்டார்.

"கை வலிக்குது டீச்சர்."

"ம்."

"பரவால்ல. போகப் போகச் சரியாயிடும். கிரிகிட்டயும் இதத்தான் சொல்லுவேன்."

எஸ்தர் அவர் முகத்தைப் பார்த்தாள். "சுத்திக்கிட்டே இருங்க" என்றாள்.

சுற்றினார். காற்று கத்தியாக அறுத்தது. நெடுநேரம் கழித்துக் கையைக் காட்டி அவரை நிறுத்தினாள்.

"இப்ப வலிக்குதா?"

"இல்ல. சொன்னேன்ல, சரியாயிடுச்சு."

"இன்னொரு தடவ மப்ளர்கிட்ட வந்து நிறுத்துங்க."

வந்தார். வண்டி மப்ளர்மேல் ஏறிப் போயிற்று. அதைத் தாண்டியும் போயிற்று. காலால் மட்டும் அமுக்கி, வேலியோரப் புல்லில் ஒருவழியாக நின்றார்.

"பிரேக்குல என்னமோ கோளாறு" என்று கத்தினார். "நல்லா இறுக்கித்தானே பிடிச்சேன்."

எஸ்தர் ஓடி வந்தாள்.

"கையப் பாருங்க ஐயா."

பார்த்தார்.

விரல்கள் கைப்பிடியைச் சுற்றியபடியே இருந்தன. பிரேக்கில் ஒரு விரல்கூட இல்லை. நீட்டப் பார்த்தார். யாருடைய விரல்களோ மாதிரி அவை பேசாமல் கிடந்தன.



எஸ்தர் அவரை இறக்கிப் புல்தரையில் உட்கார வைத்தாள். அவர் கைகளை எடுத்து, கோட்டுக்குள் அவருடைய அக்குளிலேயே வைத்து மூடினாள். பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை.

பிறகு ஆரம்பித்தது. முதலில் நகக்கண்ணில் குத்தியது. அப்புறம் விரல் விரலாக ஏறியது. குளிரில் வலித்ததைவிடப் பத்து மடங்கு வலித்தது. வாழ்நாள் முழுக்க அடுப்பு வாயில் கைவிட்டவர், சூடு பட்டாலும் முகம் சுளிக்காதவர், குனிந்து உதட்டைக் கடித்தார்.

"வலிக்குது டீச்சர்."

அவள் கோட்டை இன்னும் இறுக்கி மூடினாள்.

"அன்னிக்கும் சொன்னான். வாசல்ல வண்டில உக்காந்துக்கிட்டு, கை வலிக்குதுப்பா, கொஞ்ச நேரம் அடுப்புகிட்ட காட்டிட்டுப் போறேன்னான். நான் அடுப்பு முன்னாடிதான் நின்னுட்டிருந்தேன். அங்க நின்னுக்கிட்டு..."

காளிங்கன் அழுதார். ஒரு வருஷமாக வராதது எல்லாம் சேர்ந்து வந்தது. கையை வெளியே எடுத்துக் கண்ணைத் துடைக்கக்கூட அவரால் முடியவில்லை.

வெயில் ஏறி, புல்லில் வெள்ளை போய்ப் பச்சை தெரிந்தது.

"என்னைய வீட்டுல கொண்டு விடுங்க டீச்சர்" என்றார். "வேலம்மாகிட்ட சொல்லணும். சீக்கிரம் போகணும். இந்த வலி போறதுக்குள்ள போகணும்."

எஸ்தர் தன் கிளவுஸைக் கழற்றி அவர் கைகளில் மாட்டினாள். வண்டியைக் கிளப்பி, எஞ்சின் சூடேறும்வரை நின்றாள்.

"மெதுவாவே போலாங்க ஐயா" என்றாள். "அது எங்கயும் போகாது."