கண், 1991, திருத்திய பதிப்பு

மேலக்கொம்பூர் கலைக் கல்லூரியில் படித்தவர்கள் ஏராளம். படித்தது புரிந்தவர் யாராவது இருந்ததாகத் தகவல் இல்லை. அப்பேர்ப்பட்ட இடத்தில் அம்பலவாணன் ஆறு வருஷம் முனைவர் பட்ட ஆய்வு செய்தான். ஊர்க் கண்மாயில் நீந்தும் நாமக்கோழிகளை, அதாவது நெற்றியில் வெள்ளை நாமம் போட்ட கறுப்புப் பறவைகளை, எண்ணுவதுதான் ஆய்வு. வெயிலில் நின்று எண்ணினான், மழையில் குடை பிடித்து எண்ணினான். இருநூறு பக்கம் எழுதியும் முடித்துவிட்டான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவு ரத்தாகும், ஆறு வருஷமும் வீணாய்ப் போகும்.

திங்கட்கிழமை அந்தத் தாள்கட்டைத் தன் ஆய்வு நெறியாளர் சோமாஸ்கந்தனிடம் நீட்டினான். அவர் பிரித்துப் பார்க்கவில்லை. பிரிக்கும் பழக்கம் அவருக்கு இல்லை.

"ஆதாரம் இல்லாம ஒரு வரி இருக்கக் கூடாதுப்பா. அடுத்தவங்க வார்த்தையை எடுத்தா மேற்கோள் குறி போட்டு, யாரோடதுன்னு அடிக்குறிப்புல சொல்லணும். உதவி மையத்துக்குப் போ," என்றார்.

மாணவர்கள் ஆய்வுக் கட்டுரை எழுத உதவுவதற்கென்று கல்லூரி திறந்துவைத்த அறை அது. தலைவி கோமளவல்லி மேடம், உதவியாளர் பிச்சாண்டி. இருவரும் அதுவரை ஒரு கட்டுரையும் எழுதியதில்லை, ஆகவே ஒரு பிழையும் செய்ததில்லை. அந்தத் தகுதியில்தான் வேலையே கிடைத்தது.

மேடம் முதல் வரியைப் படித்தார். 'கண்மாயில் தண்ணீர் இருக்கிறது.'

"இதுக்கு ஆதாரம்?"

"நானே பார்த்தேன் மேடம்."

"எதுல பார்த்தீங்க?"

"கண்ணுல."

மேடம் பேனாவை எடுத்தார். "கண்ணு. எந்த வருஷம் வெளிவந்தது?"

"தொண்ணூத்தி ஒண்ணு."

"எந்த ஊர்ல?"

"எங்க அம்மா ஊர்ல. பிரசவத்துக்கு அங்கதான் போயிருந்தாங்க."

"முதல் பதிப்பு அப்படியே இருக்கா?" என்று பிச்சாண்டி குறுக்கிட்டார்.

"போன வருஷம் கண்ணாடி போட்டேன் சார்."

"அப்ப திருத்திய பதிப்புன்னு போடுங்க மேடம்," என்றார் பிச்சாண்டி. அப்படியே போட்டார்கள்.

இரண்டாவது வரி வம்பு பண்ணியது. 'இங்கே நாற்பத்திரண்டு நாமக்கோழிகள் வாழ்கின்றன.' வாழ்கிறவர்களே சொல்லாமல் நாம் எப்படி எழுதுவது என்று மேடம் கேட்டார். நியாயமான கேள்விதான். செவ்வாய்க்கிழமை மூவரும் ஸ்டாம்ப் பேடும் வெள்ளைத் தாளும் எடுத்துக்கொண்டு, பறவைகளிடம் கால் ரேகை வாங்கக் கண்மாயில் இறங்கினார்கள். நாமக்கோழிகள் நடுத் தண்ணீருக்குப் போய்விட்டன. பிச்சாண்டியின் ஒரு செருப்பும் பின்னாலேயே போனது. கடைசியில் கரையில் மேய்ந்த பேச்சியம்மாள் வீட்டுக் கோழி ஒன்றைப் பிடித்து, காலை மையில் அமுக்கி, தாளில் பதித்தார்கள். பேச்சியம்மாள் விளக்குமாற்றோடு வந்து மூவரையும் தெருமுனை வரை துரத்தினாள்.

"மேடம், இது வேற கோழியாச்சே," என்றான் அம்பலவாணன், மூச்சு வாங்க.

"நேரடி ஆதாரம் கிடைக்கலைன்னா இரண்டாம் நிலை ஆதாரம் செல்லும் தம்பி," என்றார் மேடம்.

புதன்கிழமை பிச்சாண்டி அகராதியைப் புரட்டிக்கொண்டிருந்தவர் சட்டென்று நிமிர்ந்தார். "மேடம், இவர் எழுதின வார்த்தை எல்லாம் இதுல ஏற்கெனவே இருக்கு."

மேடம் நாலைந்து பக்கம் ஒத்துப் பார்த்தார். முகம் இருண்டுபோனது. "ஒரு வார்த்தைகூட உங்களோடது இல்லையா தம்பி?"

அம்பலவாணன் வெட்கத்தில் தலை குனிந்தான். "இல்லை மேடம். சின்ன வயசுலேர்ந்தே இப்படித்தான்."

சரி, ஒப்புக்கொண்டதே பெரிது என்று ஒவ்வொரு வார்த்தைக்கும் மேற்கோள் குறி போட்டு, ஒவ்வொன்றுக்கும் அடிக்குறிப்பில் அகராதிப் பக்கம் எழுதினார்கள். எழுதி முடித்த பிறகுதான் அடிக்குறிப்பும் ஒரு வரிதானே, அதற்கும் ஆதாரம் வேண்டுமே என்று மேடத்துக்குத் தோன்றியது. அடிக்குறிப்புக்கு அடிக்குறிப்பு எழுதினார்கள். வியாழக்கிழமை மத்தியானம் ஆய்வேடு இரண்டாயிரம் பக்கத்தைத் தாண்டியது. ஜெராக்ஸ் கடைக்காரர் கடையைப் பூட்டிக்கொண்டு மச்சினன் வீட்டுக்குப் போய்விட்டார்.

"இப்படியே போனா எப்ப முடியும்?" என்று அம்பலவாணன் அழாத குறையாகக் கேட்டான்.

பிச்சாண்டி ஒரு பக்கத்தை எடுத்து மேலும் கீழும் பார்த்தார். "மேல இருக்கற வரிங்கதான் ஆதாரம் கேக்குது. கீழ இருக்கறதெல்லாம் ஆதாரம். கேக்கறதை எடுத்துட்டா?"

மேடம் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். மூவரும் உட்கார்ந்து அம்பலவாணன் எழுதிய வரிகளை ஒவ்வொன்றாக வெள்ளை மை பூசி அழித்தார்கள். நாற்பத்திரண்டு நாமக்கோழிகளின் முறை வந்தபோது அவன் பழைய குறிப்பை எடுத்து இன்னொரு தடவை கூட்டிப் பார்த்தான். எண்ணிக்கை சரியாகத்தான் இருந்தது, பாவம். ஆனாலும் பட்டம் வேண்டுமே என்று பல்லைக் கடித்துக்கொண்டு அழித்தான்.

வெள்ளிக்கிழமை நெறியாளர் கட்டைக் கையில் தூக்கி எடை பார்த்தார். முதல் முறையாக ஒரு பக்கம் பிரித்தார். மேலே வெறும் வெள்ளை, கீழே அடிக்குறிப்பு. "சொந்தச் சரக்கு எதுவும் கலக்கலை. இப்படித்தான் இருக்கணும்," என்று கையெழுத்துப் போட்டார்.

அலுவலகத்தில் மணி நாலே முக்கால். எழுத்தர் கட்டை வாங்கிக்கொண்டு, "ஆசிரியர் பேர்?" என்றார்.

அம்பலவாணன் வாயைத் திறந்தான். மேடம் பின்னாலிருந்து இருமினார். வாயை மூடிக்கொண்டு அடையாள அட்டையை நீட்டினான்.

"இதுல அம்பலவாணன்னு இருக்கே," என்றார் எழுத்தர்.

"இந்த அட்டையை எழுதினது யார்?" என்று மேடம் எழுத்தரிடம் கேட்டார்.

"நான்தான்," என்றார் எழுத்தர்.

"எதை வச்சு எழுதினீங்க?"

"இவர் சொன்னதை வச்சு."

"இவர் எதை வச்சுச் சொன்னார்?"

எழுத்தரும் அந்தக் கல்லூரியில் படித்தவர்தான். மணி ஐந்தாகப் போகிறதே என்று 'ஆசிரியர் பெயர் தெரியவில்லை' என எழுதி முத்திரை குத்திவிட்டார்.

மறு வருஷம் பட்டமளிப்பு விழா. மேடையில் பெயர்கள் வாசித்தார்கள். "அடுத்து, முனைவர் பெயர் தெரியவில்லை அவர்கள்," என்று மூன்று முறை கூப்பிட்டார்கள். யாரும் எழவில்லை. மூன்றாவது வரிசையில் மேடத்துக்கும் பிச்சாண்டிக்கும் நடுவில் உட்கார்ந்திருந்த அம்பலவாணன் கழுத்தை நீட்டி நாலு பக்கமும் பார்த்தான். பிறகு எரிச்சலோடு சொன்னான்:

"கூப்பிட்டா வர வேண்டாமா? இந்தக் காலத்துப் பசங்களுக்குப் பட்டத்தோட அருமையே தெரியறதில்லை சார்."