மதாம் செலின் கொடுத்த கோணி ஊசி

"வண்டிக்குள்ள தண்ணி வருது, மதாம்" என்றார் கலியவரதன்.

"மேல மூடி இல்லாம ஓட்டுறதுக்குன்னே செஞ்ச வண்டி. வேற என்ன வரும்?" என்றார் மதாம் செலின்.

இந்தப் பதில் கலியவரதனுக்குப் பிடிக்கவில்லை. பிடிக்காததில் நியாயம் இருந்தது.

புதுச்சேரியில் யார் வீட்டு மொட்டை மாடி ஒழுகினாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். 'ஒழுகாது' என்ற ஒற்றைச் சொல்தான் அவர் கடையின் பெயர்ப்பலகை. அவரே கலக்கும் கறுப்புப் பசையை ஒரு விரிசலில் வைத்துத் தேய்த்தால், அதற்குப் பிறகு அந்த வழியாக எறும்புகூடப் போகாது. அப்பேர்ப்பட்டவர் வாங்கிய வண்டிக்குள் குளம் கட்டினால் ஊர் சிரிக்காமல் என்ன செய்யும்?

மதாம் செலின் அவரைவிடப் பதினைந்து வயது இளையவர். புதுச்சேரியில் பிறந்து, பிரான்சில் பழைய கார்களோடு வாழ்ந்துவிட்டு, ஊர் திரும்பிக் குருசுக்குப்பத்தில் கடலோரமாக ஒரு கொட்டகை போட்டிருந்தார். தலைக்கனம் உண்டு. அதை மறைக்கும் பழக்கம் அவருக்கு இல்லை.

யார் வண்டியையும் அவர் தம் கையால் பழுது பார்க்க மாட்டார். சொந்தக்காரர்தான் சட்டைக் கையை மடித்துக்கொண்டு இறங்க வேண்டும். மதாம் ஒரு மரப்பெட்டியின் மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். அப்படியும் எங்கெங்கிருந்தோ பழைய கார் வைத்திருப்பவர்கள் வந்து, தங்களை அவருடைய சீடர்கள் என்று சொல்லிக்கொண்டு, கிரீஸோடு வீடு திரும்பினார்கள்.

கலியவரதனின் வண்டி பிரெஞ்சு வண்டி. அறுபது வருஷத்துக்கு மேல் வயது. இளநீல நிறம், மஞ்சள் வெளிச்சம் தரும் இரண்டு வட்ட விளக்குகள், பின்னால் மடித்து வைக்கும் கித்தான் கூரை. காரைக்காலில் ஒரு வக்கீல் வீட்டுக் கொட்டிலில் அதைப் பார்த்தவர், அங்கேயே மனசைப் பறிகொடுத்துவிட்டார். விலை பேசக்கூட மறந்து போனார்.

வாங்கிய சூட்டோடு மகளின் நிச்சயதார்த்தம் வந்தது. சபை நடுவில் எழுந்து நின்று, மாப்பிள்ளை அழைப்பு தன்னுடைய திறந்த காரில்தான் என்று அறிவித்தார். கார்த்திகை மாதத்தில் திறந்த காரா என்று மைத்துனர் தண்டபாணி கேட்டார். உள்ளே ஒரு சொட்டு ஈரம் இருக்காது என்று கலியவரதன் எல்லோர் முன்னாலும் வாக்குக் கொடுத்தார்.

மறுவாரம் அவர் மனைவி தையல்நாயகி அந்த வண்டியில் முதல்முறையாக ஏறினாள். இறங்கும்போது பட்டுப்புடவையின் கரையைப் பிழிந்தால் ஒரு சொம்பு தேறும் போலிருந்தது. நாற்றம் தனி. அவள் சத்தம் போடவில்லை. மாப்பிள்ளையின் கால் நனைந்தால், பெண்ணுக்கு முன்னால் இந்த வண்டிதான் வீட்டை விட்டுப் போகும் என்று மட்டும் சொன்னாள். தையல்நாயகி சொன்னால் சொன்னதுதான்.

இதையெல்லாம் மதாமிடம் சொல்லி முடித்தார் கலியவரதன்.

"நீங்க என்ன செஞ்சீங்க, முசே?" என்று கேட்டார் மதாம். புதுச்சேரியின் பழைய வழக்கப்படி ஆண்களை அவர் அப்படித்தான் கூப்பிடுவார்.

கலியவரதனுக்கு உற்சாகம் வந்துவிட்டது. வண்டி முழுக்க ஓட்டை, மதாம். கதவுக்கு அடியில் ஓட்டை, தரையில் ஓட்டை, கூரை மடியும் பள்ளத்தில் ஓட்டை. பிரெஞ்சுக்காரன் பாதி வேலையில் காபி குடிக்க எழுந்து போயிருக்கிறான். ஒன்று விடாமல் தேடிப் பிடித்து என் கையாலேயே அடைத்துவிட்டேன். ஆனாலும் தண்ணீர் வருகிறது. எந்த வழியாக வருகிறது என்று மட்டும் காட்டிவிடுங்கள்.

மதாம் எழுந்து வண்டிக்கு அருகில் போனார். கதவை லேசாக ஆட்டினார். கதவுக்குள்ளே தண்ணீர் குலுங்கியது.

பிறகு கொட்டகைக்குள் போய், கையளவு நீளமுள்ள ஒரு கோணி ஊசியைக் கொண்டுவந்து கலியவரதனின் கையில் வைத்தார்.

"இத வச்சு என்ன பண்றது?"

மதாம் அடுத்த சீடரைக் கவனிக்கப் போய்விட்டார்.

கலியவரதன் புத்திசாலி. வீடு வந்து சேருவதற்குள் விஷயம் அவருக்குப் பிடிபட்டுவிட்டது. கோணி ஊசி எதற்கு? தைக்க. வண்டியில் தைக்கக்கூடியது எது? கித்தான் கூரை.

மூன்று நாள் கடைக்கே போகவில்லை. கூரையை இழுத்துப் போட்டு, ஓரம் ஓரமாக இரட்டைத் தையல் போட்டு, தையலுக்கு மேல் பசையும் பூசினார். விரல் நுனியெல்லாம் பொத்தல். வேலை சுத்தமாக இருந்தது. அதைத் தண்டபாணியே ஒப்புக்கொண்டார்.

ஐப்பசி மழை ஒரே ஒரு முறை பெய்தது. வண்டிக்குள் கணுக்கால் அளவு தண்ணீர்.

கலியவரதன் கொதித்துப் போய்க் குருசுக்குப்பத்துக்கு வந்தார். அவர் இருந்த கோபத்தில், மதாம் தமக்கு நேரான பதில் ஒன்றாவது சொல்லியாக வேண்டும் என்றார். கல்யாணத்துக்கு நாள் நெருங்கிவிட்டது, ஊரே வேடிக்கை பார்க்கக் காத்திருக்கிறது, இந்த வண்டி கையை விட்டுப் போனால் தனக்குத் தாங்காது என்றார். கடைசியாகச் சொன்னபோது வண்டியின் கதவைத் தடவிக்கொடுத்தார்.

மதாம் முதல்முறையாக அவர் முகத்தை நன்றாகப் பார்த்தார்.

"அடுத்த மழைக்குக் கூரையத் திறந்துட்டு வண்டியில உட்காருங்க. குடை வேணாம்."

"எவ்வளவு நேரம்?"

"எழுந்திருக்கணும்னு தோணுற வரைக்கும். தோணுனதும் எழுந்திருக்காதீங்க."

அடுத்த மழை நல்ல பகலில் வந்தது. அவர் குடியிருந்த ஆட்டுப்பட்டித் தெருவே பார்த்துக்கொண்டிருக்க, கலியவரதன் வெள்ளை வேட்டியோடு போய்த் திறந்த காரில் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எதிர்வீட்டுக்காரர் ஜன்னல் வழியாக, டாக்டருக்குச் சொல்லவா என்று தையல்நாயகியைக் கேட்டார். வேண்டாம், இது கல்யாணம்வரைக்கும்தான் இருக்கும் என்றாள் அவள்.

மழை கொட்டியது. தலையில் விழுந்தது, மடியில் விழுந்தது, தரையில் விழுந்தது. தண்ணீர் பாதத்தை மூடியது. கணுக்காலுக்கு ஏறியது. எழுந்துவிடலாம் என்று தோன்றியது. எழுந்திருக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் மழை விட்டது. வெயில்கூட அடித்தது.

தெரு காய ஆரம்பித்தது. எதிர்வீட்டுத் திண்ணை காய்ந்தது. அவருடைய பசை பூசாத ஓட்டை உடைசல் சைக்கிள் ஒன்று சுவரோரம் நின்றிருந்தது, அதுவும் காய்ந்தது. கலியவரதன் மட்டும் கணுக்கால் தண்ணீரில் உட்கார்ந்திருந்தார். தண்ணீர் அவர் வேலையை மெச்சிக்கொண்டு அசையாமல் நின்றது. ஒரு சொட்டுகூட எங்கும் ஒழுகவில்லை.

அவர் தண்ணீரையே பார்த்தார். பிறகு தெருவைப் பார்த்தார். மறுபடியும் தண்ணீரைப் பார்த்தார்.

அப்போதுதான் இடுப்பில் செருகியிருந்த கோணி ஊசி சுருக்கென்று குத்தியது.

தையல்நாயகி ஜன்னலில் நின்று பார்த்தபோது, அவள் கணவர் காருக்குள் குனிந்து, கையைத் தண்ணீருக்குள் விட்டு, எதையோ ஆங்காரமாகக் குத்திக்கொண்டிருந்தார். பிறகு சேற்றில் படுத்துக் கதவுகளுக்கு அடியில் குத்தினார். வண்டிக்குக் கீழே, அவர் அடைத்து வைத்த ஓட்டைகள் வழியாக, நூல் நூலாகத் தண்ணீர் இறங்கியது. அதைப் பார்த்து அவர் சிறுபிள்ளை மாதிரி சிரித்தார். டாக்டரைப் பற்றி அவள் ஒரு கணம் மறுபடியும் யோசித்தாள்.

மறுநாள் வண்டியைக் கொட்டகைக்கு ஓட்டிப் போனார் கலியவரதன். மதாம் ஒரு வாளித் தண்ணீரை உள்ளே ஊற்றிவிட்டுக் குனிந்து பார்த்தார்.

"ஒண்ணு பாக்கி."

"எல்லாத்தையும் திறந்துட்டேனே, மதாம்."

"நீங்க உட்கார்ந்திருந்த இடத்துக்கு அடியில."

கலியவரதன் தம் இருக்கையைத் தூக்கிப் பார்த்தார். இருந்தது.

அதற்குப் பிறகு அவர் தினமும் விடியற்காலையில் கொட்டகைக்கு வந்தார். ஊறிப்போன கம்பளத்தைப் பிய்த்து எறிந்து, தென்னை நார்ப் பாய் போட்டார். துருவைச் சுரண்டினார். எஞ்சின் மூடியைத் திறந்து, மழைக்குப் பிறகு எந்த ஒயரை எப்படித் துடைக்க வேண்டும் என்று கற்றுக்கொண்டார். மதாம் மரப்பெட்டியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஒருநாள் அவருக்குக் காபி கொடுத்தார். சீடர்களிடையே அது பெரிய பேச்சாக இருந்தது.

மாப்பிள்ளை அழைப்பு நாள் வந்தது.

கோயில் வாசலில் வண்டி நின்றது. மல்லிகையும் சாமந்தியும் சுற்றி, மடித்த கூரையின் மேல் பூச்சரத்தை இறுக்கிக் கட்டி, மணமகனுக்கு நிகராக அலங்கரித்திருந்தார்கள். நாதஸ்வரக்காரர் சீவாளியை வாயில் வைத்தார்.

வானம் பிளந்தது.

எல்லோரும் கோயில் வாசல் மண்டபத்துக்குள் ஓடினார்கள். கூரையை விரிக்க வழியில்லை. பூக்கட்டை அறுக்க நேரமில்லை. இளநீல வண்டி நட்டநடு மழையில் வாயைத் திறந்துகொண்டு நின்றது.

சம்பந்தி வீட்டார் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தண்டபாணி கைபேசியை எடுத்து, எதற்கும் இருக்கட்டும் என்று முன்பே சொல்லி வைத்திருந்த மூடிய காரை வரச் சொன்னார். தையல்நாயகி கணவரைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்குப் பொருள் எல்லோருக்கும் தெரியும்.

கலியவரதன் தூணில் சாய்ந்து மழையை ரசித்துக்கொண்டிருந்தார்.

மழை விட்டது. கறுப்பு நிறத்தில் மூடிய கார் ஒன்று வந்து பின்னால் நின்றது.

கலியவரதன் நிதானமாக இறங்கிப் போனார். எஞ்சின் மூடியைத் திறந்து துடைக்க வேண்டியதைத் துடைத்தார். தோளில் இருந்த துண்டால் இருக்கைகளைத் துடைத்தார். பிறகு நார்ப் பாயை எடுத்து இரண்டு உதறு உதறி மறுபடியும் போட்டார். வண்டிக்கு அடியிலிருந்து கடைசித் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"தையலு, வா" என்றார்.

அவள் வந்தாள். சம்பந்திகள் பார்க்க, தண்டபாணி பார்க்க, செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலைத் தூக்கி வண்டிக்குள் வைத்தாள். அழுத்தி வைத்தாள். கட்டைவிரலால் தரையைத் தேய்த்துப் பார்த்தாள்.



அவள் காலை வெளியே எடுக்கவில்லை. அடுத்த காலையும் உள்ளே வைத்து, முன் இருக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். புடவைக் கரையைச் சரிசெய்துகொண்டாள்.

"மாப்பிள்ளையக் கூப்பிடுங்க" என்றாள். "நேரமாகுது."

நாதஸ்வரம் முழங்கியது. மாப்பிள்ளை மாலையோடு ஏறிப் பின்னால் அமர்ந்தார். கலியவரதன் சாவியைத் திருகினார். அறுபது வயது எஞ்சின் ஒரே உறுமலில் உயிர் பெற்றது. மஞ்சள் விளக்குகள் எரிந்தன. ஈரத் தெரு முழுக்கப் பொன்னாக இருந்தது. கலியவரதனுக்கு அந்தக் கணத்தில் ஊரில் ஒருவர்மேலும் பொறாமை இல்லை.

கூட்டத்தின் ஓரத்தில் மதாம் செலின் நின்றிருந்தார். அவர் கலியவரதனைப் பார்க்கவில்லை. குனிந்து வண்டியின் அடியைப் பார்த்தார். நிமிர்ந்து, பக்கத்தில் நின்றவரிடம் தாம்பூலப் பையைக் கேட்டு வாங்கிக்கொண்டு கிளம்பினார்.

தண்டபாணி ஓடிவந்து கதவைப் பிடித்துக்கொண்டார். அவருக்கு மூச்சு வாங்கியது.

"மாமா, இவ்வளவு மழையும் கொட்டுச்சே. எதப் போட்டு அடைச்சீங்க?"

கலியவரதன் பட்டுச் சட்டைப் பைக்குள் கையை விட்டார். கோணி ஊசியை எடுத்து அவர் கையில் வைத்தார்.

வண்டி நகர்ந்தது.