மன்னர் தலையில் மெழுகுவத்தி

நெல்லிக்கோட்டை மன்னர் கொற்றமாறனுக்குக் கப்பல் வியாபாரி ஒருவன் ஒரு பெட்டி மெழுகுவத்தியைப் பரிசாகக் கொடுத்துவிட்டுப் போனான். அன்று பிடித்தது சனி. மன்னருக்குக் குத்துவிளக்கு கசந்துவிட்டது. மண்ணில் மன்னரின் தலையைப் போலவே ஒரு தாங்கி செய்து, கிரீடத்தின் உச்சியில் வத்தியை நிறுத்த வேண்டும் என்று உத்தரவாயிற்று. யோசனை அமைச்சர் நல்லதம்பியாருடையது. வேறு யாருக்கு இப்படியெல்லாம் தோன்றும்?

வேலை குயவர் தெருச் செங்கமலத்திடம் வந்தது. அவள் சக்கரத்தைத் தொடமாட்டாள். மண்ணைத் திரித்து வளையம் வளையமாக அடுக்கிக் கையாலேயே எழுப்புவாள். பாதி காய்ந்ததும் மூங்கில் கத்தியால் மீசை, முத்துமணி, பூவேலை எல்லாம் செதுக்குவாள். முதல் தலை சூளையில் வெடித்தது. இரண்டாவதும் வெடித்தது. இன்னும் சுடாத மூன்றாவது தலையோடு அவளைச் சபைக்கு இழுத்து வந்தார்கள்.

"மன்னர் தலையை இரண்டு முறை வெடிக்க வைத்தவள் இவள். இதுவும் வெடித்தால் இவள் தலை உருள வேண்டும்" என்றார் அமைச்சர். மன்னர் சரியென்று தலையாட்டிவிட்டார்.

செங்கமலம் மண் தலையைத் தூக்கிக் காட்டினாள். "சாமி, உள்ள ஒண்ணுமில்லாத வெறும் கூடு. சூடு ஏறினா உள்ள இருக்கிற ஈரம் ஆவியா வெளிய போக ஒரு ஓட்டை வேணும். அமைச்சரய்யா கூடவே கூடாதுன்னுட்டாரு."

"மன்னர் தலையில் ஓட்டையா? ராஜத் துரோகம்."

"கழுத்துக்கு அடியில வைக்கிறேன்னும் கேட்டுப் பார்த்தேன் சாமி."

"கழுத்தில் ஓட்டை போடுவதற்கு ஊரில் கொலை என்று பெயர்" என்றார் அமைச்சர்.

சபைப் புலவர் கூத்தபிரானுக்கு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாது. எழுந்து வந்து மண் தலையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"காது மடல் பிரமாதம். அமைச்சரே, ஒரு சந்தேகம். நம் மன்னருக்குக் காது கேட்குமா?"

"இதென்ன கேள்வி? ஊசி விழுந்தாலும் கேட்கும்."

"எதன் வழியாக?"

அமைச்சர் மாட்டிக்கொண்டார். துளை உண்டு என்றால், தான் சொன்ன துரோகத்தைத் தானே செய்ததாகும். இல்லை என்றால், மன்னரைச் செவிடர் என்று சபை நடுவே சொன்னதாகும். பாவம், கூரையைப் பார்த்தார்.

மன்னர் தம் காதில் விரலை விட்டுப் பார்த்துக்கொண்டார். "துளை இருக்கிறது. காதிலேயே குத்தம்மா" என்றார்.

செங்கமலம் ஈர்க்குச்சியால் இரண்டு காதையும் ஆழமாகத் துளைத்தாள். பத்தாம் நாள் சூளையிலிருந்து தலை முழுசாக வந்தது. வத்தியை ஏற்றியதும் மன்னருக்குத் தலைகால் புரியவில்லை. அவளுக்கு இரண்டு காணி நிலம் எழுதிக் கொடுத்தார்.

அமைச்சருக்குப் பொறுக்கவில்லை. "துளைதான் வேண்டுமென்றால் வாயில் வைத்திருக்கலாமே, புலவரே? காதைப் போய்க் குடைவானேன்?"

"வைத்திருக்கலாம். ஆனால் மன்னர் வாயைத் திறந்தால் அடுத்தவர் தலை போகிறது. காதைத் திறந்தால்தான் தலை தப்புகிறது."

ஏதோ சொல்ல வாயைத் திறந்த மன்னர், மறுபடி மூடிக்கொண்டு, காதைச் சொறிந்தபடியே சிரித்தார்.