கறுத்த பழம் முதலில்

"இந்த மடத்துல யாருக்கும் பொறுமையே இல்லம்மா. வாழைப்பழம் கறுத்திருக்குன்னு தினமும் ஒரே புலம்பல்."

சொன்னவர் மருதையன். வயது அறுபத்து மூன்று. முப்பது வருஷம் நெல் கிடங்கில் வேலை பார்த்துவிட்டு, மனசு அடங்க வேண்டும் என்று சீடராக வந்தவர். மடத்துச் சரக்கு அறை அவர் பொறுப்பு.

கேட்டுக்கொண்டிருந்தவர் குரு, வடிவாம்பிகை. அவரைவிட இருபது வயசு சின்னவர். அதில் மருதையனுக்குக் கொஞ்சம் கடுப்பு உண்டு. வெளியே சொல்ல மாட்டார்.

"கறுத்திருக்கா?"

"கறுத்துத்தான் இருக்கு. கெட்டுப் போகல."

"நல்ல பழம் வரலையா?"

"இன்னைக்குக் காலையிலகூட ரெண்டு தார் வந்துச்சு. மஞ்சளா, அருமையா இருக்கு. திங்கக்கிழமை வந்தது தீரட்டும்னு மாட்டி வச்சிருக்கேன்."

"அது எப்போ தீரும்?"

"வெள்ளிக்கிழமை."

"அன்னைக்கு இந்தப் பழம் எப்படி இருக்கும்?"

மருதையன் யோசித்தார்.

"கறுத்திருக்கும்."

குரு சிரிக்கவில்லை. அதுவே பெரிய விஷயம்.

"வாசல்ல உங்க மக உக்காந்திருக்காங்க. காலையிலேர்ந்து."

"தெரியும்மா."

"போய்ப் பாக்கலையா?"

"பாக்கறேன். முதல்ல அவ பதில் சொல்லணும். அவ அம்மா படுத்த படுக்கையா கிடந்தப்போ ஏன் வரல? ஆறு வருஷமாச்சு. அடுத்து, என்னைக் கேக்காம வீட்டை வித்தது. அதுக்கப்புறம் என் போனை எடுக்காதது."

"வரிசையா."

"வரிசையாத்தான். கிடங்குல முதல்ல வந்த மூட்டைதான் முதல்ல வெளியே போகணும்."

"இன்னைக்கு எதுக்கு வந்திருக்காங்க?"

"தெரியல. அது கடைசியிலதானே வரும்."

"ஒரு மணி பஸ்ஸுல கிளம்பறாங்களாம்."



குரு எழுந்து சரக்கு அறைக்குப் போனார். மருதையன் பின்னாலேயே போனார். அறைச் சுவரில் அவர் சுண்ணாம்புக் கட்டியால் எழுதி வைத்திருந்தார்.

தேங்காய் மூடி, உப்பு தடவினால் மூணு நாள். பொரி, காத்து படும் வரைக்கும். ஊறுகாய், ஈரக் கை படாவிட்டால் ஒரு வருஷம்.

எல்லாமே சரி. பொருளைப் பாதுகாக்கிற விஷயத்தில் அந்த ஆளிடம் குறையே சொல்ல முடியாது.

குரு கறுத்த பழக் கூடையை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு கொட்டிலுக்கு நடந்தார். மாட்டுக்கு முன்னால் அப்படியே கவிழ்த்தார்.

மாடு எந்தக் கிழமைப் பழம் என்று கேட்கவில்லை.

"அம்மா, அது இன்னும் ரெண்டு நாள் தாங்கும்."

"தாங்கும்."

"அப்புறம் ஏன்?"

குரு காலிக் கூடையை அவர் கையில் கொடுத்தார்.

"மணி என்ன, மருதையன்?"

"பன்னிரண்டே முக்கால்."

குரு உள்ளே போய்விட்டார்.

மருதையன் கூடையோடு அங்கேயே நின்றார். மாடு தின்று முடித்து, தரையை ஒரு தடவை நக்கியது.

பிறகு வாசலுக்கு ஓடினார். நடக்கவில்லை, ஓடினார். அந்த வயசுக்கு அது ஓட்டம்தான்.

பூங்கோதை பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பியிருந்தாள். அப்பாவைப் பார்த்ததும் நின்றாள். முகம் இறுகியது. அவருடைய மகள் இல்லையா, அவளும் பதில்களை வரிசையாகத்தான் வைத்திருந்தாள்.

"அப்பா, அம்மா படுத்திருந்தப்போ நான் ஏன் வரலைன்னா..."

"அதை மாடு தின்னுடுச்சும்மா. இன்னைக்கு எதுக்கு வந்த, அதைச் சொல்லு."