கையெழுத்துக் கட்டத்தில் ஒரு கேள்வி

முறத்தில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டே மேகலா தன் கேள்வியை மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள். ஐந்தாவது வரை படித்தவள்; நாலு பேர் முன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஆனால் நேற்று அங்கன்வாடிக் கூரையிலிருந்து காரை பெயர்ந்து, தூங்கிய அவள் மகளின் தலைமாட்டில் விழுந்திருந்தது.

கிராமசபைக்கு வந்ததும் பதிவேட்டில் கையெழுத்துப் போடவேண்டும்; கையெழுத்துகள் சேர்ந்தாலே கூட்டம் நடந்ததாகக் கணக்கு. பிறகு யாராவது கேள்வி கேட்டால் தலைவர் நாகமாணிக்கம் எழுந்து போய்விடுவார். அதனால் அன்று கூட்டத்தில், யாரும் கையெழுத்துப் போடுமுன்பே கேட்டுவிட மேகலா வரிசையில் முதல் ஆளாக நின்றாள்.

"ஏனுங்க, அங்கன்வாடிக் கூரை..."

"கேள்வின்னா எழுதித்தான் தரணும் அம்மிணி. உனக்கு எழுத வருமா?" என்று தலைவர் சிரித்தார். "மொதல்ல கையெழுத்தப் போடு."

அவள் குனிந்து, எழுத்து எழுத்தாக வெகுநேரம் எழுதினாள். பின்னால் நின்ற பெண்கள் அதைப் படித்துவிட்டு, ஒவ்வொருவராகக் கீழே கையெழுத்துப் போட்டார்கள்.

கடைசியில் பதிவேட்டை வாங்கிய ஊராட்சிச் செயலர் திகைத்தார். "தலைவரே, மொதக் கையெழுத்துக் கட்டத்துல 'அங்கன்வாடிக் கூரையை எப்போது சரிசெய்வீர்கள்?'னு எழுதிருக்குது. கீழே அறுபது கையெழுத்து."

"கிழிச்சுப் போடு!"

"கிழிச்சா கூட்டமே நடக்கலைன்னு ஆயிருமுங்க. ஒன்றிய அலுவலகத்துக்குப் போற நோட்டு."

"எழுதித்தானே தரச் சொன்னீங்க," என்றாள் மேகலா மெல்ல. "வேற காகிதம் யாரும் தரலீங்க."

தலைவர் சிரிக்கவில்லை. பேனாவை வாங்கி, கேள்விக்குப் பக்கத்தில், 'நாளை கொத்தனார் வருவார்' என்று எழுதினார்.

"தேதியும் போட்டுருங்க. அப்படியே அங்க குழந்தைகளுக்குக் குடிதண்ணி எப்ப..."

"அண்ணி!" வாசலிலிருந்து நாத்தனார் கத்தினாள். "புள்ள அழுவுது, ஓடியாங்க!"