மந்திரி நீட்டிய காய்ந்த கட்டு

முன்னொரு காலத்தில் நெடுங்கரை நாட்டை வீரகேசரி என்றொரு ராஜா ஆண்டுவந்தான். ஆண்டான் என்று மரியாதைக்குச் சொல்கிறோம். காலையில் ஒரு உத்தரவு போடுவான், மாலையில் அதையே மாற்றுவான். நடுவில் அல்லாடியது ஜனங்கள்தான்.

அவனுடைய குதிரைகளின் மேய்ச்சல் நிலத்தில் பேய்க்கொத்து என்ற நச்சுக் களை மண்டிக் கிடந்தது. குதிரைகள் அதில் வாய் வைப்பதில்லை, அவ்வளவு கசப்பு. அந்தப் பக்கம் போன ராஜாவுக்கோ அதன் மஞ்சள் பூ பிடிக்கவில்லை.

"நாளைக்கு ஒரு பூகூட என் கண்ணில் படக்கூடாது!" என்றான்.

லாயத் தலைவன் மாறநாயகம் ஆட்களை விட்டு எல்லாவற்றையும் வெட்டிச் சாய்த்தான். வேரோடு பிடுங்கினால் நேரமாகும் என்று பிடுங்கவில்லை. வெட்டியதை வாரவும் இல்லை. ராஜாவிடம் சபாஷ் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டான்.

சில நாளில் ராஜாவின் செல்லக் குதிரை வெண்முகில் அந்த நிலத்திலேயே நுரை தள்ளிச் செத்தது.

"பேய்க்கொத்து விஷம்தான் பிரபு," என்றான் மாறநாயகம். "ஆனால் எந்தக் குதிரையும் அதைத் தானாகத் தின்னாது. யாரோ அரைத்துக் கொள்ளில் கலந்திருக்கிறார்கள். தீனி வைப்பவன் சடையன். அவனை வேலைக்குச் சேர்த்தது நம் மந்திரியார்!"

மந்திரி அம்பலவாணர் மேல் அவனுக்கு நெடுநாள் வயிற்றெரிச்சல்.

"சாமி, என் கையால வளந்த குதிரை சாமி! அதுக்கு நான் விஷம் வைப்பனா?" என்று சபைக்குக் கட்டி இழுத்துவரப்பட்ட சடையன் கதறினான்.

"யானைக் காலால் இடறச் செய்யுங்கள் இவனை!" என்றான் ராஜா.

மந்திரி எழுந்தார். "பொழுது சாயும்வரை அவகாசம் கொடுங்கள், மகாராஜா. இவன் குற்றவாளி என்றால் என் முத்திரை மோதிரத்தைக் கழற்றி வைத்துவிடுகிறேன்."

"மோதிரம் போய்விடும், மந்திரியாரே!"

"போகட்டும். நிரபராதியைச் சாகவிட்டுவிட்டு அதைப் போட்டுக்கொள்ள எனக்கு விரல் இல்லை."

சபை சிரித்தது. மந்திரி சிரிக்கவில்லை. உச்சி வெயிலில் மேய்ச்சல் நிலம் முழுவதும் நடந்தார். காலில் முள் தைத்தும் நிற்கவில்லை. திரும்பி வந்தபோது இரண்டு கைகளிலும் ஒவ்வொரு கட்டு இருந்தது.

"லாயத் தலைவரே, உம்முடைய பவளத்தைக் கொண்டுவரச் சொல்லும்."

பவளம் மாறநாயகத்தின் சொந்தக் குதிரை. பெற்ற பிள்ளையைவிட அதன்மேல்தான் அவனுக்கு உயிர். வந்து நின்றது.

மந்திரி முதல் கட்டை நீட்டினார். வெட்டிய அடித்தண்டில் மறுபடி துளிர்த்த பச்சைப் பேய்க்கொத்து அது. பவளம் மூக்கைச் சுளித்து முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"நான்தான் சொன்னேனே!" என்று மாறநாயகம் கைகொட்டினான்.

இரண்டாவது கட்டு, வெட்டிப் போட்ட இடத்திலேயே காய்ந்த பேய்க்கொத்து. பவளம் முகர்ந்தது. கழுத்தை நீட்டி வாயைத் திறந்தது.

"ஐயோ, கொடுக்காதீர்!" மாறநாயகம் பாய்ந்து கட்டைத் தட்டிவிட்டான்.

"ஏன் ஐயா? குதிரை இதைத் தானாகத் தின்னாது என்றீரே?"

மாறநாயகம் பவளத்தின் கடிவாளத்தைப் பிடித்துப் பின்னுக்கு இழுத்தான்.

"காய்ந்தால் கசப்பு போய்விடுகிறது, மகாராஜா. விஷம் போவதில்லை," என்றார் மந்திரி. "வெண்முகில் விழுந்த இடத்தில் இதுதான் கிடந்தது. யாரும் அரைக்கவில்லை, கலக்கவில்லை. வெட்டியவர் வாரவில்லை, அவ்வளவுதான்."

ராஜா, "வெட்டச் சொன்னது நான் அல்லவா?" என்றான்.

"ஆமாம், மகாராஜா," என்றார் மந்திரி. அதைச் சொல்லத் துணிச்சல் வேண்டும். அவருக்கு இருந்தது.

ராஜா இறங்கிவந்து சடையனின் கைக்கட்டைத் தானே அவிழ்த்தான். "என் அவசரப் புத்தி உன்னைக் கொன்றிருக்கும். மன்னித்துவிடு. இன்று முதல் நீதான் லாயத் தலைவன்," என்றான். மந்திரிக்குத் தன் கழுத்து மாலையைப் போட்டான்.

"மாறநாயகம், அந்தக் களையை நீயே உன் கையால் வேரோடு பிடுங்கி, வாரி எரிக்க வேண்டும். முடிந்ததும் வந்து சொல். முதலில் அங்கே மேயப்போவது உன் பவளம்தான்."

மாறநாயகம் பிடுங்கினான் பாருங்கள், அப்படி ஒரு வேலையை அந்த நாடு கண்டதில்லை! "முடிந்ததா?" என்று சடையன் கேட்கும்போதெல்லாம், "இன்னும் ஒருமுறை பார்த்துவிடுகிறேன், ஐயா," என்று மறுபடி மண்டியிட்டான்.